பார்க்கிங்கில் நின்ற காரை இழுத்துச் சென்றுவிட்டால் உரிமையாளர் என்ன செய்யலாம்?

கேட்ட பணத்தைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்து வருவதைத் தவிர வேறு வழியில்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எந்த அதிகாரத்தில் உங்கள் காரைத் தொட்டார்கள் என்பதைத் தொட்டவர்தான் காட்ட வேண்டும்.

அந்த அதிகாரம் ஊருக்கு ஊர் மாறும். இந்தியாவில், நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டியை அகற்றச் சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி உத்தரவிடலாம் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு. ஆகவே உத்தரவிட்டவர் யார் என்று தயங்காமல் கேளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் நிற்கும் காரைச் சட்ட அதிகாரமின்றி இழுத்துச் செல்வது 2012 அக்டோபர் முதல் குற்றம்.

எனக்கு நன்றாகப் பழக்கமானது கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 22658ஆம் பிரிவு. தனியார் இடங்களுக்கான விதி அது. வண்டி இன்னும் அந்த வளாகத்தை விட்டு வெளியேறாத நிலையில் நீங்கள் வந்து கேட்டால், இழுவை வண்டியின் ஓட்டுநர் அதை உடனே விடுவித்தாக வேண்டும். கொக்கி மாட்டிய பிறகு என்றாலும் வழக்கமான கட்டணத்தில் பாதிக்கு மேல் கேட்க முடியாது. இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் இழுவை வண்டியின் பின்னாலேயே, இழுத்த கார்களை வைத்திருக்கும் யார்டு வரை போய் முழுப் பணத்தையும் கட்டுகிறார்கள். நினைத்தாலே மனம் கொதிக்கிறது. விதியை மீறிக் கூடுதலாக வசூலித்தால், வசூலித்த தொகையைப் போல நான்கு மடங்கு தரும் பொறுப்பு அந்த நிறுவனத்துக்கு உண்டு.

ரசீதை வரி வரியாகப் படியுங்கள். என் தம்பியின் காரை அங்கே ஒரு குடியிருப்பு வளாகத்திலிருந்து இரவு பதினொரு மணி வாக்கில் எடுத்துப் போனார்கள். மறுநாள் காலையில் நாங்கள் போனபோது ரசீதில் காரை யார்டில் வைத்திருந்ததற்கு இரண்டு நாள் வாடகை போட்டிருந்தது. தேதி மாறிவிட்டதாம்! இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் எடுத்தால், தேதி எதுவானாலும் ஒரு நாள் வாடகைதான் என்று அதே பிரிவு சொல்கிறது. தம்பி அதை எடுத்துக் காட்டியதும், பணம் வாங்கும் கூண்டுக்குள் இருந்தவர் பேசாமல் அந்த வரியை அடித்துவிட்டு வேறு தொகை எழுதினார்.

எந்த நாடானாலும் வண்டியை யார்டிலேயே விட்டுவிட்டு வழக்காடாதீர்கள். வாடகை நாள்தோறும் ஏறும். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் அது நிற்காது. "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று ரசீதில் எழுதிக் கையெழுத்திட்டுப் பணத்தைக் கட்டி எடுத்துவிடுங்கள். சாவி போடும் முன் பம்பரின் அடிப்பகுதியையும் சக்கரங்களையும் அங்கேயே படம் எடுங்கள். நான்கு சக்கரங்களும் இயங்கும் காரை இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்திருந்தால் உள்ளே பழுது ஏற்பட்டிருக்கலாம். எப்படி இழுத்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வாசலைத் தாண்டிய பிறகு, அந்தக் கீறல் முன்பே இருந்தது என்று சொல்லிவிடுவார்கள்.