‘ஜெலஸி’, ‘என்வி’ இரண்டுமே பொறாமைதானா?

அகராதியில் இரண்டுக்கும் ‘பொறாமை’ என்றுதான் போட்டிருக்கிறது, பிறகு எதற்கு இரண்டு சொற்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே அகராதியை நம்பி ஒருமுறை மாட்டிக்கொண்டவன் என்பதால் பதில் எழுத உட்கார்ந்தேன்.

மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிது. ஒரு பழைய ஆங்கிலக் கதையில், படை அதிகாரி ஒருவன் தன் கௌரவத்தைக் குறித்து ‘ஜெலஸ்’ ஆக இருந்தான் என்று ஒரு வரி வந்தது. நான் சற்றும் யோசிக்காமல், ‘அவன் தன் கௌரவத்தின் மீது பொறாமை கொண்டிருந்தான்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தாள்கள் திரும்பி வந்தபோது ‘பொறாமை’யைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் இருந்தது. ஓரத்தில், ‘யாருடைய கௌரவம்? இவனுடையதுதானே?’ என்று ஒரு கேள்வி. பதிப்பாசிரியர் வேறெதுவும் எழுதவில்லை, எழுதவும் தேவையிருக்கவில்லை.

பிறரிடம் இருப்பது நம்மிடம் இல்லையே என்று வருவது என்வி. நம்மிடம் இருப்பது கைவிட்டுப் போய்விடுமோ என்று வருவது ஜெலஸி. பக்கத்து வீட்டுக் குழந்தையின் பொம்மையைப் பார்த்து ஏங்குகிற சிறுமிக்கு வந்திருப்பது என்வி. தம்பி பிறந்ததும் அம்மாவின் மடியை விட்டு இறங்க மறுக்கிறாளே, அது ஜெலஸி. முன்னதற்கு இரண்டு பேரும் ஒரு பொருளும் போதும். பின்னதற்குப் பெரும்பாலும் மூன்று பேர் வேண்டும்: நான், என்னுடையவர், நடுவில் வந்து நிற்கும் ஒருவர்.

அந்த மூன்றாவது ஆள் நிஜமாகவே இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. திருக்குறளின் புலவி நுணுக்கம் அதிகாரத்தில், 1317ஆம் குறளில், கணவன் தும்முகிறான். மனைவி வழக்கப்படி வாழ்த்துகிறாள். மறுகணமே, ‘யார் நினைத்ததால் தும்மினீர்?’ என்று அழத் தொடங்கிவிடுகிறாள். அவள் யாருடைய அழகையும் செல்வத்தையும் பார்த்து ஏங்கவில்லை. தன்னுடையவன் தன்னுடையவனாகவே இருக்கிறானா என்பதுதான் அவள் கவலை. இதைவிடத் தெளிவாக ஜெலஸியைக் காட்டும் இடம் எனக்குத் தெரியாது. இங்கே போய் ‘அவள் பொறாமைப்பட்டாள்’ என்று உரை எழுதினால் குறளே கெட்டுவிடும். தமிழ் அந்த நடத்தைக்கு ஊடல், புலவி என்று தனிப்பெயர் வைத்திருக்கிறது.

சொற்களின் பிறப்பும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. என்வி, ‘இன்விடியா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்குள் ‘பார்’ என்ற வினை ஒளிந்திருக்கிறது. பிறரைத் தீய கண்ணோடு பார்ப்பது. இத்தாலியக் கவிஞர் தாந்தே, இறந்தவர்கள் பாவம் கழிக்கும் இடமான உத்தரிக்கும் தலத்தில் இந்தக் குற்றத்துக்காக வாடுபவர்களின் இமைகளை இரும்புக் கம்பியால் தைத்து வைத்திருப்பதாகப் பாடியது சும்மா இல்லை. கண்ணேறு என்று நாம் சொல்வதும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

ஜெலஸியின் வேர் கிரேக்கத்தில் ‘ஸேலோஸ்’. உள்ளே கனலும் ஆர்வம், வைராக்கியம் என்று பொருள். பேரார்வத்தைக் குறிக்கும் ‘ஸீல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே தாய். ஆங்கில பைபிளில் கடவுள் தம்மை ‘ஜெலஸ்’ என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில் பலர் திகைப்பதற்கு இதை மறப்பதுதான் காரணம். யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. தமிழில் பெயர்த்தவர்கள் அங்கே பொறாமையைத் தொடவே இல்லை. ‘எரிச்சலுள்ள தேவன்’ என்று எழுதினார்கள். என்னைப் போல அவசரப்படாதவர்கள். பிரெஞ்சு மொழியில் ‘ஜலூஸி’ என்றால் இந்த உணர்ச்சியும் ஆகும், சாய்ந்த சட்டங்கள் வைத்த ஜன்னல் மறைப்பும் ஆகும். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவர் உள்ளே பார்க்க முடியாது. ஜெலஸி பிடித்தவன் செய்ய விரும்புவதும் அதைத்தானே.

அப்படியானால் நம் ‘பொறாமை’ இவற்றில் எது? என் கணக்கில், அடிப்பொருளில் இரண்டுமே அல்ல. பொறு என்பதன் எதிர்மறை அது, பொறுக்க முடியாமை. ஆங்கிலத்தில் ‘பிகிரட்ஜ்’ என்று ஒரு வினை இருக்கிறது. அந்தப் பொருள் எனக்கு வேண்டும் என்பதல்ல, அவனுக்குக் கிடைக்கிறதே என்ற வயிற்றெரிச்சல். 166ஆம் குறளில் வள்ளுவர் காட்டும் ஆளைப் பாருங்கள்: ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார். கொடுப்பதும் இவன் காசு இல்லை, பெறுவதும் இவன் இல்லை. ஆனாலும் இவனுக்குப் பொறுக்கவில்லை. வள்ளுவர் இதற்கு வைத்த பெயர் அழுக்காறு. இந்தக் குறள் வரும் அழுக்காறாமைக்கு முந்தைய அதிகாரம் பொறுமையைப் பேசும் பொறையுடைமை, அடுத்தது பிறர் பொருளைக் கவர நினைக்காத வெஃகாமை. ஆங்கிலத்தில் ‘கவெட்’ என்பார்களே, அது வெஃகுதல்.

பெயரடைகளில் ஒரு குழி உண்டு. ‘என்வியஸ்’ என்பது பொறாமைப்படுகிறவரைக் குறிக்கும். ‘என்வியபிள்’ என்பது பிறர் ஏங்கும்படி இருப்பதை. ஒருவருடைய நினைவாற்றல் ‘என்வியபிள்’ என்றால் அது பாராட்டு. ‘உங்கள் பொறுமையைக் கண்டு எனக்கு என்வி’ என்பதும் பாராட்டுதான். ஜெலஸியிலிருந்து இப்படி ஒரு புகழ்ச்சொல் கிளைக்கவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். நண்பர் விடுமுறைப் படங்களைக் காட்டினால் ஆங்கிலம் பேசுபவர்கள் ‘ஜெலஸ்’ என்றுதான் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். இலக்கணக் காவலர்கள் முகம் சுளிக்கலாம், ஆனால் இந்த வழக்கு நேற்று வந்ததல்ல. அதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எதிர்த்திசையில் போக முடியாது. மனைவியைச் சந்தேகிக்கும் கணவனை ‘என்வியஸ்’ என்று சொன்னால், மனைவியின் வேலையோ சம்பளமோ அவன் கண்ணை உறுத்துகிறது என்று கேட்பவர் புரிந்துகொள்வார். குழப்பம் வந்தால் ஜெலஸ் என்று எழுதித் தப்பிக்கலாம். என்வி என்று எழுதும்போது மட்டும் ஒரு நொடி நின்றுவிடுங்கள்.

அந்த அதிகாரியை, ‘தன் கௌரவத்தின் மீது ஒரு கீறல்கூட விழவிடாமல் காத்துவந்தான்’ என்று கடைசியில் மாற்றினேன். அடுத்த பக்கத்தில் அதே ஆள், இன்னொரு அதிகாரியின் குதிரையைப் பார்த்து ‘என்வியஸ்’ ஆகிறான். அங்கே நான் எழுதியிருந்த ‘பொறாமை’யைச் சிவப்பு மை தொடவில்லை.