செல் வெப்பநிலை மாறவில்லை. இண்டியம் மட்டும் ஏன் குறைகிறது?

கேள்வி: வெற்றிட அறையில் இண்டியம் பாஸ்பைடு அடித்தளத்தின் மீது இண்டியம் காலியம் ஆர்சனைடு படலம் வளர்க்கிறோம். உலோக அணுக்களில் 53 விழுக்காடாக இருந்த இண்டியம், செல்களின் (உலோகத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் சிறு உலைகளின்) வெப்பநிலையை மாற்றாத நிலையிலும் இப்போது 50 என்று எக்ஸ் கதிர் அளவீட்டில் தெரிகிறது. 0.1 டிகிரி துல்லியமுள்ள புதிய வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் விற்பனை முகவர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். இப்போதுள்ள கருவியே தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரி காட்டும் எண்ணை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் தெர்மோகப்பிள் உருகிய இண்டியத்தைத் தொடுவதில்லை. உலோகம் இருக்கும் கிண்ணமான குரூசிபிளின் வெளிப்புறத்தைத்தான் தொடுகிறது. உள்ளே உலோகம் தீரத் தீர அதன் மட்டம் இறங்கி, ஆவியாகும் பரப்பும் அங்குள்ள வெப்பமும் மாறுவதால், வெளியே எண் அப்படியே இருக்கும்போதே அணுக்களின் பாயம் (நொடிக்கு வந்து சேரும் அளவு) குறைந்துவிடுகிறது. சுமார் 800 டிகிரி செல்சியஸில் இயங்கும் இண்டியம் செல்லில் ஒரு டிகிரி வேறுபாடு பாயத்தை ஏறக்குறைய 2.4 விழுக்காடு மாற்றும். காலியம் மாறவில்லை என்றால், 53 என்பது 50 ஆவதற்கு இண்டியம் பாயம் 11 விழுக்காடு குறைந்திருக்க வேண்டும். அது ஐந்து டிகிரிக்குச் சமம். தெர்மோகப்பிளே ஐந்து டிகிரி தவறாகச் சொல்லும்போது, அதை 0.1 டிகிரித் துல்லியத்தோடு பின்பற்றி என்ன பயன்?

முகவருக்கு இது தெரியாமலிருக்க வாய்ப்பில்லை. இதே ஆட்கள்தான் வேறோர் ஆய்வகத்தின் செல் வெப்பநிலைப் பட்டியலை ‘உறுதியான செய்முறை’ என்று விற்கிறார்கள். ஒரு செல்லின் எண் அடுத்த செல்லுக்கே பொருந்தாதபோது அந்தப் பட்டியல் வெறும் காகிதம். மிகத் தூய உலோகம் என்று தருபவர்களிடம், சான்றிதழிலுள்ள தொகுதி எண்ணும் புட்டியின் மீதுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள். புதிய கருவி என்றால் உடனே ஒப்புதல் தரும் கொள்முதல் குழுக்கள், அளவுத்திருத்தத்துக்கு இரண்டு வேஃபர் (படலம் வளர்க்கும் தகடு) கேட்டால் மட்டும் ‘இதனால் கிடைத்த முடிவு என்ன’ என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்புகின்றன. முகவர்கள் கொழிப்பது இதனால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது, வளர்ப்பு நாள்தோறும் அடித்தளம் இருக்கும் இடத்தில் அயனி கேஜை (மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் கருவியை) வைத்துப் பாயத்தை அளப்பது. செல்லின் வாயை மூடும் ஷட்டர் திறந்தவுடன் பாயம் சற்று மிகுந்திருந்து பிறகே நிலைப்படும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரம் காத்திருந்து எண்ணைக் குறித்து, ஷட்டரை மூடியபின் எஞ்சும் பின்னணி அளவைக் கழித்துவிடுங்கள். இண்டியத்தின் எண்ணைக் காலியத்தின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். கேஜ் இரண்டையும் ஒரே கூர்மையோடு உணர்வதில்லை. 53 வந்த நாளின் இண்டியத்தோடு இன்றைய இண்டியத்தை ஒப்பிடுங்கள். அடித்தளம் 500 டிகிரி அளவில் இருக்கும்வரை, வந்து சேரும் இண்டியம் முழுவதும் ஒட்டிக்கொள்ளும்.

செல்லைத் திருத்துவதற்கு முன் அந்த 50 என்ற எண்ணையே ஒருமுறை சந்தேகியுங்கள். மெல்லிய படலம் அடித்தளத்தின் அகலத்துக்குத் தன்னை இழுத்துப் பொருத்திக்கொள்வதால் செங்குத்துத் திசையில் சுருங்கும். அத்திசையில் மட்டும் அளந்தால், அடித்தளத்தோடு அணு இடைவெளியில் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும். மென்பொருள் அதை அறிந்து பாதியாக்கித்தான் விடை தருகிறது. ஆனால் உங்கள் படலம் தடிமனாக வளர்ந்து, இழுவையைத் தாங்காமல் தளர்ந்துவிட்டிருந்தால் அந்த இரு மடங்கே கிடையாது. மென்பொருளோ பழக்கப்படி பாதியாக்கிவிடும். அப்போது 50 என்று காட்டும் படலத்தின் உண்மை அளவு 47 ஆக இருக்கும், ஐந்து டிகிரித் திருத்தம் உங்களைப் பாதி வழியில் நிறுத்திவிடும். படிகத்தில் பரப்புக்கு இணையான (004) தளத்தோடு நிற்காமல் (224) போன்ற சாய்ந்த தளத்திலும் அளந்து, படலம் தளர்ந்துள்ளதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அளப்பவர் ‘அது தேவையில்லை’ என்றால் விடாதீர்கள்.

தளரவில்லை என்றால் இண்டியம் செல்லை ஐந்து டிகிரி உயர்த்தி, பாயம் 13 விழுக்காடு கூடியதைக் கேஜில் பார்த்த பிறகு, மெல்லிய சோதனைப் படலம் ஒன்றை வளர்த்து அளந்துகொள்ளுங்கள். வளர்ச்சி வேகமும் இதனால் 6 விழுக்காடு கூடும் என்பதால், பழைய நேரக் கணக்கைத் திருத்தி, ஆர்சனிக் போதுமான அளவு வருகிறதா என்பதையும் அன்றே சரிபார்க்க வேண்டும்.