தாராளவாதிகளும் பெண்களின் வாக்குரிமையும்: கேள்வி பதில்

கேள்வி (பாம்பன்): சுதந்திரம், சமத்துவம் என்று பேசிய பிரிட்டனின் லிபரல் கட்சி, பெண்களுக்கு வாக்குரிமை தர ஏன் தயங்கியது, அம்மா?

பதில்: தேர்தல் கணக்குதான் காரணம் என்பது என் கருத்து. 1867இல் தத்துவஞானியும் லிபரல் உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில், வாக்குரிமை மசோதாவில் பெண்களையும் சேர்க்க நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த திருத்தத்துக்கு ஆதரவாக 73 வாக்குகளும் எதிராக 196 வாக்குகளும் விழுந்தன. 1884இல் வாக்குரிமையை விரிவாக்கும் மசோதாவில் பெண்களையும் சேர்க்க வேண்டுமென்று கோரியபோது, கப்பல் பத்திரமாகத் தாங்கக்கூடிய அளவுக்குச் சரக்கு ஏற்கெனவே ஏற்றியாயிற்று என்று பிரதமர் கிளாட்ஸ்டன் மறுத்துவிட்டார். (பாரம் மிஞ்சினால் என்ன ஆகும் என்பது நம் கரையில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அங்கே எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்று முடிவு செய்தவர்கள் ஆண்கள் மட்டுமே.) பெண்களை ஆதரிப்பதாக முன்பு உறுதி கூறியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட லிபரல் உறுப்பினர்களே அன்று எதிர்த்து வாக்களித்தனர். சொத்துள்ள பெண்கள் மட்டும் வாக்காளர்களானால் அவர்கள் எதிர்த்தரப்பான கன்சர்வேட்டிவ் கட்சியின் பக்கம் சாய்வார்கள் என்ற அச்சம் அக்கட்சிக்குள் நெடுங்காலம் நீடித்தது.

கேள்வி (கீழக்கரை): கட்சியிலிருந்த பெண்கள் இதைப் பொறுத்துக்கொண்டார்களா?

பதில்: 1887இல் லிபரல் பெண்கள் கூட்டமைப்பு தோன்றியது. வாக்குரிமையைக் குறிக்கோளாக ஏற்பதா என்ற தகராறில் 1892இல் அது பிளவுபட்டது. 1908இல் பிரதமரான ஆஸ்க்வித் நெடுங்காலம் பிடிவாதமாக எதிர்த்தார். 1918இல் 30 வயது கடந்த பெண்களுக்கு, அதுவும் சொத்து நிபந்தனையோடு, வாக்குரிமை கிடைத்தது. ஆண்களுக்கு இணையான உரிமை 1928இல்தான் வந்தது.

கேள்வி (தொண்டி): சென்னை மாகாணத்தில் நிலைமை எப்படி இருந்தது?

பதில்: 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையிலான பெண்கள் குழு, பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சரான மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்து வாக்குரிமை கேட்டது. யாருக்கு வாக்குரிமை தரலாம் என்று ஆராய்ந்த சவுத்பரோ குழு அதை ஏற்கவில்லை. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் முடிவை மாகாணச் சட்டமன்றங்களிடம் விட்டது. நீதிக்கட்சி ஆட்சியிலிருந்த சென்னை, 1921இல் மாகாணங்களில் முதலாவதாக அவ்வுரிமையை வழங்கியது. இதைப் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆயினும் சொத்துத் தகுதி நீடித்ததால், மீன் விற்றும் கருவாடு காயவைத்தும் பிழைத்த நம் கரைப் பெண்களில் பெரும்பாலோர் 1952 தேர்தல் வரை காத்திருக்க நேர்ந்தது.

கேள்வி (மண்டபம்): ஊராட்சியில் பெண்கள் தலைவராகிறார்கள், எங்கள் ஊர்க் கூட்டத்தில் மட்டும் உட்கார இடமில்லையே?

பதில்: 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை உறுதி செய்தது, தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக்கியது. மீனவர் ஊர்க் கூட்டம் அச்சட்டத்துக்குள் வராது. ஆனால் கடலில் பாசி எடுப்பவர்கள் நீங்கள். அந்தத் தொழிலைப் பற்றிய முடிவு உங்களைக் கேளாமல் எடுக்கப்படுமானால், சங்கமாகச் சேர்ந்து எழுத்து மூலம் இடம் கேளுங்கள்.