நட்சத்திரம் சோறு போடுமா, அண்ணாச்சி?

அண்ணாச்சி, போன வாரம் நீங்களும் மகளும் வந்திருந்தபோது வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகப் பேசி அனுப்பிவிட்டேன். மகள் வானியல் ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறாள். "வெடிச்சுப்போன நட்சத்திரத்தைப் படிச்சு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டீர்கள். அம்பாசமுத்திரத்தில் அரிசிக்கடை நடத்துகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் மகள் காட்டிய கிராஃப் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். 2023 மே மாதம் எம்101 என்ற கேலக்ஸியில், அதாவது ஒரு பெரிய நட்சத்திரக் கூட்டத்தில், ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது. ஜப்பானில் இட்டாகாகி என்ற அமெச்சூர் வானியலாளர் ஒருவர்தான் முதலில் கண்டுபிடித்தார். அந்த வெளிச்சம் கிளம்பி ஏறத்தாழ இரண்டு கோடி வருஷம் ஆகிறது. உங்கள் மகள் அதன் பிரகாச அளவுகளை இணையத்தில் எடுத்து, நாள்வாரியாகப் புள்ளி வைத்திருக்கிறாள். வானியலில் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். அது தெரியாமல் முதல் படத்தைத் தலைகீழாகப் போட்டு, அடித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் சரியாகப் போட்டிருக்கிறாள். சுமார் 80 நாள் மெதுவாக இறங்கி, அப்புறம் சட்டென்று விழுகிற கோடு. யாரும் சொல்லாமல் ஒரு பிள்ளை இதைச் செய்திருக்கிறது. மார்க் ஷீட்டைவிட அந்த அடித்த பக்கத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். இந்த ஆராய்ச்சியில் பாதி நாள் இதே வேலைதான்: அளவு எடுப்பது, தப்பைக் கண்டுபிடிப்பது, பைத்தான் என்ற கணினி மொழியில் நிரலைத் திரும்ப எழுதுவது. வானத்தைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு இது சீக்கிரம் சலித்துவிடும்.

என்னத்துக்கு ஆகும் என்றால், உங்கள் கடைப் படிக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் வெடிப்பதைத்தான் சூப்பர்நோவா என்கிறார்கள். அதில் ஒருவகை எங்கே வெடித்தாலும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசம் காட்டும். அதைப் படிக்கல்லாக வைத்துத்தான் தூரத்துக் கேலக்ஸிகள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று கணக்கிடுகிறார்கள். பிரபஞ்சம் விரிகிற வேகம் கூடிக்கொண்டே போவது அப்படித்தான் தெரிந்தது. 2011 நோபல் பரிசு அதற்குத்தான்.

"பொம்பளப்பிள்ளை ராத்திரி மலை மேல எப்படி?" என்றார்கள் மதினி. லடாக்கில் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் நம் நாட்டின் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதை பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசக்கோட்டேயில் ஓர் அறையில் உட்கார்ந்தே இயக்குகிறார்கள். ராத்திரி கண் விழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு குழப்பம், மகேந்திரகிரியில் இருக்கிற இஸ்ரோ மையம். அங்கே நடப்பது ராக்கெட் எஞ்சின் சோதனை, பொறியியல் வேலை. சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் படித்தவர். அதுவும் அருமையான பாதைதான், ஆனால் மகள் கேட்பது அது இல்லை.

அவளுக்குத் தேவை இயற்பியல். 'வானியல் பட்டம்' என்று விளம்பரம் பார்த்து ஓடாதீர்கள். ஐசர் என்பது மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். அதன் நுழைவுத்தேர்வில் தேறினால் ஐந்து வருஷப் படிப்பு. திருவனந்தபுரம் ஐசர் செங்கோட்டை வழியாகப் போனால் பக்கம்தான். மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் அந்தத் தேர்வுக்கு மத்தியப் பாடத்திட்டத்தின் என்சிஇஆர்டி புத்தகத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பாளையங்கோட்டையிலேயே பி.எஸ்சி. இயற்பியல் படித்து, ஜாம் என்ற நுழைவுத்தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. போகலாம். அதில் ஒரு குறைவும் இல்லை.

காசு விஷயத்தை மறைக்கமாட்டேன். பி.எச்டி. ஐந்தாறு வருஷம். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000, இரண்டு வருஷத்துக்குப் பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. உங்கள் கையிலிருந்து போகாது, சேமிப்பும் பெரிதாக வராது. அப்புறம் இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் போஸ்ட்டாக், அதாவது பி.எச்டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை, அநேகமாக வெளிநாட்டில். நிரந்தர வேலை கிடைப்பதற்குள் வயது முப்பதைத் தாண்டிவிடும். அந்த இடங்களும் கொஞ்சம்தான். எல்லாருக்கும் கிடைக்காது. கல்யாணப் பேச்சு இடையில் வரும், அதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். நடுவில் விலகினாலும் கல்லூரி ஆசிரியப் பணி உண்டு, டேட்டா, மென்பொருள் வேலைகளும் உண்டு. அந்தக் கணக்கும் நிரலும் வீண்போகாது.

இப்போதைக்கு இரண்டு வேலை. திருநெல்வேலி கொக்கிரகுளம் அறிவியல் மையத்தில் தொலைநோக்கி காட்டும் நாளைக் கேட்டு மகளைக் கூட்டிப் போங்கள், கூட நீங்களும் பாருங்கள். அப்புறம், உங்களிடம் இருக்கும் பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனங்களுக்குப் போதாது. ஓபிசி கிரீமி லேயர் (வசதி மிக்க பிரிவு) அல்லாதோர் சான்றிதழ் தனியாக, இந்த நிதியாண்டுத் தேதியில் வேண்டும். இ-சேவை மையத்தில் கொடுத்தாலும் தாலுகா ஆபீஸில் இழுத்தடிப்பது உண்டு, இந்த வாரமே போட்டுவிடுங்கள்.