எச்சிலைக் கொடுத்தால் வம்சம் தெரியுமா?

கேள்வி: நாங்கள் அம்பாசமுத்திரம் பக்கம். என் மகள் நல்ல கறுப்பு. "உங்கள் முன்னோர் வேறு இனம் என்று மாப்பிள்ளை வீட்டார் சந்தேகப்படுகிறார்கள், மகளின் எச்சிலைக் கொடுத்து மரபணுச் சான்று வாங்கினால் பேச்சு அடங்கும்" என்கிறார் தரகர். என் மைத்துனரோ, இந்த நிறம் நோவாவின் சாபம் என்று வேதத்தைக் காட்டுகிறார். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், சகோதரி. அந்தப் பரிசோதனை, உங்கள் மகளின் மரபணுவில் உள்ள சில குறிகளை நிறுவனத்தின் கைவசமுள்ள பிறரது மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சதவீதம் போடுவதுதான். ஒப்பிடும் கூட்டம் மாறினால் சதவீதமும் மாறும். தந்தைவழி மட்டும் இறங்கும் குறியை வைத்து வம்சம் சொல்வோம் என்பார்கள். அந்தக் குறி ஆண்களிடம்தான் உண்டு, உங்கள் மகளிடம் இருக்கவே இருக்காது. இருந்தாலும், பத்துத் தலைமுறைக்கு முன் கணக்குப்படி வரும் 1024 முன்னோரில் ஒரே ஒருவரைத்தான் அது காட்டும். தரகருக்கு இதில் எவ்வளவு கமிஷன் என்று முதலில் கேளுங்கள். பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் ஒன்றோடொன்று ஒத்துவராத இரண்டு அறிக்கைகளோடு என்னிடம் வந்தார். மூன்றாவதற்கும் பணம் வாங்கியிருந்தார் அவருடைய தரகர். இது பற்றி நான் அரசுக்கு மூன்று முறை மனு கொடுத்தும், 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டது' என்ற ஒற்றை வரியே பதில். உரிய துறை எது என்று சொல்லத்தான் ஆளில்லை.

உங்கள் மைத்துனர் பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்கட்டும். சாபம் விழுவது நோவாவின் பேரன், காமின் மகன் கானான் மேல். நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அடிமை வியாபாரத்துக்கு நியாயம் தேடியவர்கள்தான் கறுப்பைப் பிடித்து அதில் ஒட்டினார்கள். விஞ்ஞானமும் சளைத்ததல்ல: 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அகலத்தை வைத்துச் சாதிகளின் தரத்தைச் சொல்லலாம் என்று எழுதினார். நம் இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல்லும், மனிதர் எல்லாரும் ஆதாமின் பிள்ளைகள் என்ற மதத்தைப் போதித்தவர்தான். ஆனாலும் 1849இல் இந்தச் சீமையின் சாணார் சமூகத்தைத் தாழ்த்தி நூல் எழுதினார், அச்சமூகத்தார் பின்னர் எதிர்த்து எழுந்தார்கள். ஆகவே வேதமா மரபணுவா என்று பார்க்காமல், சொல்பவர் முன்கூட்டியே என்ன முடிவோடு வந்திருக்கிறார் என்று பாருங்கள்.

நிறம் என்பது தோலின் நிறமியின் அளவு. பல மரபணுக்கள் சேர்ந்து அதைத் தீர்மானிப்பதால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே வேறுபடுகிறார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் பரிசோதனைக்கு வேலை உண்டு, அதை விளக்கமாகவே சொல்கிறேன். தலைமுறை தலைமுறையாக ஒரே வட்டத்துக்குள் பெண் கொடுத்து எடுத்தவர்களிடம் சில நோய்க்கூறுகள் தேங்கும். ஆரிய வைசியச் சமூகத்தார் சிலருக்கு, அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து விரைவில் முறியாமல் மூச்சு நெடுநேரம் திரும்பாது. உங்கள் குடும்பத்தில் எவருக்காவது அப்படி நேர்ந்திருந்தாலோ, சொந்தத்தில் மணமுடித்த வீட்டில் குழந்தைகள் காரணம் தெரியாமல் இறந்திருந்தாலோ, மருத்துவரிடம் சொல்லி அவர் எழுதித்தரும் பரிசோதனையைச் செய்யுங்கள். அது நோயைச் சொல்லும், குலத்தைச் சொல்லாது. தரகர் மூலம் ஒருபோதும் செய்யாதீர்கள்.

எச்சில் மாதிரி ஏற்கெனவே போய்விட்டதென்றால், அதை அழித்துவிட்டதாக நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். தரகரின் வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.