பிரிஞ்சிருக்கிற ஆக்களுக்கு வீட்டுத்திட்டம்

மனிசியப் பிரிஞ்சிருக்கிறன், வேலையும் இல்லை, வீட்டுத்திட்டத்தில என்ர பேரை வெட்டிப்போட்டினம், திரும்பப் பேர் குடுக்கலாமோ எண்டு கேட்டிருந்தியள். குடுக்கலாம் அண்ணா, வேலை இல்லாட்டியும் பிள்ளையள் சனி ஞாயிறுதான் உங்களோட நிண்டாலும் வீட்டுத்திட்டத்துக்குப் பேர் குடுக்கலாம், ஆனா தனிக் குடும்பமாப் பதிஞ்சிருக்கோணும்.

உங்கட பேர் வெட்டுப்பட்டது அனேகமா பழைய குடும்பப் பதிவாலதான். அதில இன்னும் மனிசியோட ஒரே குடும்பமா நிண்டா, அவ இருக்கிற அந்த 5.5 லட்ச ரூபா இந்தியன் வீடு (இந்திய அரசின்ர உதவியில கட்டினது) உங்களுக்கும் குடுத்த கணக்குத்தான்.

முதல் ஜிஎஸ்ஸிட்ட (கிராம அலுவலரிட்ட) போய் குடும்பப் பதிவிலயும் வாக்காளர் இடாப்பிலயும் எந்த விலாசத்தில கிடக்கிறியள் எண்டு பாருங்கோ, பிள்ளையள் உங்களிட்ட வாற நாள் கோர்ட் ஓடரில இருந்தா கொப்பியும் கொண்டு போங்கோ, வாய்ப்பேச்சு அங்க எடுபடாது. ஓடரே எடுக்கேல்லையெண்டா சட்ட உதவி ஆணைக்குழுவில கேளுங்கோ, வருமானம் இல்லாதாக்களுக்குக் காசு வாங்காமச் செய்வினம்.

ஒண்டு, அம்மான்ர வளவுக்க கொட்டில் போட்டிருக்கிறன் எண்டியள், காணி பெர்மிட் (அரச காணிக்குக் குடுக்கிற அனுமதிப்பத்திரம்) அவவின்ர பேரிலயெண்டா பதிவைப் பிரிச்சாலும் வீட்டுக்காசு இழுபடும், பிரதேச செயலகத்துக் காணிக் கிளார்க்கிட்ட அதையும் அண்டைக்கே கேட்டிட்டு வாங்கோ.