மணிவிழாவுக்கு அப்பா அம்மாவைப் படம் எடுக்க எப்படித் தயாராவது?

காரைக்குடி வீட்டுக்கே போட்டோகிராபர் வருகிறார் என்றீர்கள். அப்படியானால் முதலில் வெளிச்சம் பாருங்கள். உச்சிவெயிலில், வீட்டு நடுவே திறந்திருக்கும் வளவு முற்றத்தில் நிற்க வைத்தால் கண்ணுக்குக் கீழே குழி விழுந்ததுபோல நிழல் தட்டும். காலை 8 மணி வாக்கில், முற்றத்தைப் பார்த்தபடி தூணருகே உட்கார வையுங்கள். முகத்தில் வெளிச்சம் மெத்தென்று விழும். சிவப்பு ஆத்தங்குடித் தரைக்கல்லில் வெயில் பட்டால் அந்தச் சாயம் தாடையில் ஏறும். அங்கே ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால் சரி.

அம்மாவுக்குக் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை தாராளமாகக் கட்டலாம். பொடிக்கட்டம்தான் கேமராவில் அலையடிக்கும், பெரிய கட்டம் படுத்தாது. ஜாக்கெட்டை முதல்நாளே போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் படம் எடுக்கும் நேரத்தில் கொக்கி போய், முந்தானையைப் போர்த்திச் சமாளித்தோம்!

அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். தாடையைக் கொஞ்சம் இறக்கினால் பளபளப்பு பெரும்பாலும் போய்விடும். அப்புறம், முடிவெட்டு ஒரு வாரம் முன்னாலேயே.